பதினேழாவது மணி நேரத்துக்குப் பிறகு

நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைகண் இயக்கம், ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவருடையதைப் போலவே தடுமாறுகிறது என்று அது காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால், தடுமாற்றம் 100 மில்லிகிராம் ஏறியவருடையதற்குச் சமமாகிறது.

அந்த நிலையில் இருப்பவரை ஸ்கூட்டர் ஓட்ட விடமாட்டோம். ஆனால் அட்மிஷன் டே அன்று காலையில் டியூட்டிக்கு வந்து மறுநாள் மதியம் வரை வார்டில் நிற்கும் பட்டமேற்படிப்பு மருத்துவரிடம் மருந்தளவு எழுதும் பொறுப்பை ஒப்படைக்கிறோம்.

விதி இல்லாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 1992-ல் பிறப்பித்த உத்தரவு, இளநிலை உறைவிட மருத்துவர்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமல் பணியாற்ற வேண்டும் என்கிறது. 2023-ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு விதிமுறைகளில் அந்தக் கணக்கு ‘நியாயமான பணி நேரம்’ என்ற சொற்களோடு நின்றுவிட்டது. மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. நிவாரணமாகச் சொல்லப்பட்ட எண்ணே பழைய வரம்பைவிட 26 மணி நேரம் அதிகம்.

இதன் விலை என்னவென்று அமெரிக்கா முன்பே பார்த்துவிட்டது. 1984 மார்ச் மாதத்தில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் நடுக்கத்தோடும் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்காக ஃபெனெல்சின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு நடுக்கத்தை அடக்க பெத்திடின் ஊசி போடப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவருக்கு அந்த இரவில் வேறு பல நோயாளிகளும் இருந்தார்கள். விடிந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இறந்துபோனார். அந்த மருந்துகள்தான் காரணமா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆனால் விசாரித்த கிராண்ட் ஜூரி, மருத்துவர்கள்மேல் கொலைக் குற்றம் சாட்டாமல், அவர்களை அப்படி வேலை வாங்கிய ஏற்பாட்டைக் கண்டித்தது. 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. 2003-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது.

அடுத்த ஆண்டே பாஸ்டன் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. நீண்ட டியூட்டி முறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட சுமார் 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது விபத்துக்கு இரு மடங்குக்கும் மேல் வாய்ப்பு இருப்பதை அதே ஆய்வுக் குழு 2005-ல் கண்டது. ஆபத்து நோயாளியோடு நிற்பதில்லை.

மணிக்கணக்கு கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடப்பது இன்னொன்று. பர்ன் அவுட்டை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் வகுத்த அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: மனம் வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், ‘நான் செய்வதில் பயனில்லை’ என்ற எண்ணம். முதலாவதை எல்லோரும் அசதி என்று தள்ளிவிடுகிறோம். இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர்களுக்கு அது அனுபவம் தந்த உறுதியாகத் தெரியும்.

அதிகாலை மூன்று மணிக்கு வார்டில் ஒரு மகன் வந்து, “டாக்டர், அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்கிறார். கேஸ் ஷீட்டிலிருந்து தலை நிமிராமல், “காலைல சீஃப் வருவார், கேட்டுக்கோங்க” என்று பதில் வருகிறது. பெயர்கள் மறந்து ‘ஏழாம் பெட்’, ‘அந்த லிவர் கேஸ்’ மட்டும் மிஞ்சுகின்றன. இப்படிப் பேசுகிறவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும், இந்தப் படிப்புக்கு ஆசையோடு வந்தவர்தான் அவர்.

நேரத்தை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் உண்மையாகாது. அமெரிக்காவில் 2016-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஷிப்டின் நீளத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்திய அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நோயாளிகளின் இறப்போ சிக்கல்களோ கூடவில்லை. ஆளைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் அதே வேலை குறைந்த மணிகளுக்குள் திணிக்கப்படும். பொறுப்பு கைமாறும்போது தகவலும் சிந்தும். கைமாற்றுவதற்கு ஒரு ஒழுங்கு வகுத்துப் பழக்கிய ஒன்பது மருத்துவமனைகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நேர வரம்பு, போதுமான ஆட்கள், ஒழுங்கான கைமாற்றம் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். இது மருத்துவமனையை நடத்துகிறவர்களின் கடமை. யோகா வகுப்பு வைப்பது இதற்கு ஈடாகாது.

தனிமனிதர் கையில் இருப்பது ஒன்று உண்டு. 2009-ல் டெய்ட் ஷானஃபெல்ட் குழுவினர் மருத்துவப் பேராசிரியர்களிடம், வேலையில் எது உங்களுக்கு மிகவும் பொருளுள்ளது என்று கேட்டார்கள். நோயாளியைப் பார்ப்பது, கற்பிப்பது, ஆராய்வது எனப் பதில்கள் வேறுபட்டன. அதற்கு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஒதுக்க முடியாதவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் பர்ன் அவுட்டில் இருந்தார்கள். ஒதுக்க முடிந்தவர்களில் அது சுமார் 30 சதவீதம். வேலை முழுவதும் இனிக்க வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆறு நாள் வேலை வாரத்தில் அது ஒரு நாளைவிடச் சற்றே அதிகம். எது அந்தப் பங்கு என்று இன்றே எழுதி வைத்துக்கொண்டு, அதை யூனிட் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பெயர்கள் மறக்கத் தொடங்கிவிட்டால், விடுப்பு எடுத்துத் தூங்குங்கள், சக மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலிமானஸ் உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: “எங்க காலத்துல நாங்க பார்க்காத டியூட்டியா” என்ற பேச்சை நிறுத்திவிட்டு, உங்கள் துறையின் டியூட்டி பட்டியலில் 17 மணி நேரத்தைத் தாண்டும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்கு நீங்கள்தான் பொறுப்பு.