மாமியோடு ஒத்துவராத லிசி

போர்கோ வெக்கியோவில் எங்கட ஆக்கள் யாரிடமாவது "பிசிகோலொகாவிட்ட போறன்" என்று சொல்லிப் பாருங்கோ. "ஏன் பிள்ளை, விசரே?" என்றுதான் முதல் கேள்வி வரும். அடுத்தது, "உதெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தான்."

அப்படிச் சொல்பவர்களுக்கு நான் லிசியின் கதையைச் சொல்வேன். எங்கட சந்தையிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் நடந்துபோகக்கூடிய வியா புத்தேராவில் வாழ்ந்தவர். முழுப்பெயர் அலெக்ஸாண்ட்ரா வொல்ஃப். குடும்ப மாளிகை லாத்வியாவில். பெர்லினில் உளப்பகுப்பாய்வு படித்தவர். 1932இல் ரீகாவில் பலெர்மோப் பிரபு ஜூசெப்பே தொமாசியைக் கலியாணம் கட்டினார். பின்னாளில் 'இல் கத்தோபார்தோ' நாவலை எழுதிய அதே தொமாசிதான். மருமகளாக இங்கே வந்தால் மாமியோடு ஒத்துவரவில்லை. மகனோ தாயை விட்டு வரமாட்டார். லிசி லாத்வியாவுக்குத் திரும்பிவிட, புருசனும் பெண்சாதியும் வருசக்கணக்காகக் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினார்கள், அதுவும் பிரெஞ்சில். எங்கட வீடுகளில் நடக்காத கதையா இது? அந்த லிசிதான் பிறகு பலெர்மோவில் ஆட்களைப் பார்த்து, 1950களில் இத்தாலிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அவரிடம் பயின்ற பலெர்மோக்காரர் பிரான்செஸ்கோ கொர்ராவ், குழுவாக இருந்து கதைக்கும் முறையை இத்தாலியில் வளர்த்தவர். அவர் பின்பற்றியது வில்ஃபிரெட் பியோனை. பியோன் 1897இல் இந்தியாவின் மதுராவில் பிறந்து, எட்டு வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை.

இந்த முறையில் மருந்தும் இல்லை, புத்திமதியும் இல்லை. சின்ன வயதில் அம்மா அப்பாவோடு பழகின விதம் இப்ப புருசனிட்டையும் பிள்ளையிட்டையும் எப்படித் திரும்ப வருகுது என்று கிழமைக்கு ஒருதரமாவது இருந்து கதைப்பது. சோடியாகப் போனால் யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இருவருக்கும் நடுவில் என்ன நடக்குது என்றுதான் பார்ப்பார்கள். குழுவிலோ, முன்பின் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து உங்கட வீட்டுக் கதையே வரும்.

எங்கட தலைமுறைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எட்டு வயதிலேயே அம்மாவுக்காக டொக்டரிடமும் குவெஸ்தூராவிலும் மொழிபெயர்த்தவர்கள் நாங்கள். அவவின் வயிற்றுவலியை இத்தாலியனில் சொன்னோம், அழுகையைச் சொல்லவில்லை. இப்ப என் இத்தாலியன் நல்லா ஓடும். எண்டாலும் "மனம் அந்தரப்படுது" என்பதை நான் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகுதான் விளக்குவேன். விளக்கப்போய்த்தான் பலமுறை அழுகை வந்திருக்கு. அதற்குப் பொறுமையில்லாத ஆள் என்றால் வேறு ஆளைத் தேடுங்கோ.

காசு யோசிக்கிறவர்கள் கொன்சுல்தோரியோ பமிலியாரேயில் தொடங்கலாம். 1975ஆம் ஆண்டின் 405ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரச சேவை அது. நீண்டகாலம் கதைக்கிற வசதி எல்லா இடத்திலும் இருக்காது, ஆனால் வழிகாட்டுவார்கள். அம்மம்மாவைக் கூட்டிப் போறதென்றால், நாள் எடுக்கும்போதே தமிழ் தெரிந்த மெதியாத்தோரே ஒருவரைக் கேளுங்கோ. பேரனை மொழிபெயர்க்க இருத்தாதேங்கோ. அவனுக்கு முன்னால் அவ தாத்தாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டா.