அப்பாவின் மாத்திரைப் பெட்டியும் கோடைத் தாகமும்: என்ன தொடர்பு?

காக்கநாட்டில் வேலை, களமசேரியில் வாடகை வீடு, கோடைக்கு ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள் என்றால், முதலில் அவர்களது பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால், பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரோதயசைடு. உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. இதய நோயாளிகள் சாப்பிடும் ஃபியூரோசமைடு இன்னும் வேகமானது.

களமசேரி வெயில் 34 டிகிரிதானே, சென்னையைவிடக் குறைவு என்று தோன்றும். ஆனால் இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு குளிராது, அதனால் இன்னும் வியர்க்கும்.

தாகம் எடுத்தால் குடிப்பார்களே என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான். 1984இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், 67 முதல் 75 வயதுள்ள ஆரோக்கியமான ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே இருந்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகத்தான் குடித்தார்கள். பாத்ரூமுக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு.

சர்க்கரை மாத்திரைக்கு வருவோம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். முதலாவதன் காப்புரிமை முன்பே முடிந்துவிட, அடுத்ததன் காப்புரிமையும் 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்து, விலை சரிந்தது. அதனால் இப்போது நிறைய வீடுகளில் இவை இருக்கின்றன. நல்ல மருந்துகள்தான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் இவற்றைத் தொடரலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது மூட்டுவலி மாத்திரை. டெல்மிசார்டன் வகை பிபி மாத்திரை, நீர் மாத்திரை, கூடவே மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபினாக். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். சளி, அலர்ஜிக்குப் போடும் பழைய ரக மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும்.

2021 கணிப்பின்படி, கேரள மக்களில் 16.5 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். தமிழ்நாடு 13.6 சதவீதத்துடன் அடுத்த இடத்தில் இருக்கிறது. ஆக, இது இரண்டு ஊர்க்காரர்களின் பிரச்சினையும்தான்.

எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், புதிதாக வந்த குழப்பமான பேச்சு, அடர் மஞ்சள் சிறுநீர், இவற்றைக் கவனியுங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது வயதானவர்களிடம் நம்பகமில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சீரகத் தண்ணீரோ பதிமுகம் போட்ட தண்ணீரோ, மணிக்கொரு தரம் அரை டம்ளர் கையில் கொடுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் தினமும் குடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.