வயசானாலும் புது ரத்தக்குழாய் முளைக்கும்



"நாள் பூரா வேலைதானே செய்றோம், தனியா உடற்பயிற்சி எதுக்கு?" குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வராத மாதமில்லை. நாற்று நட்டு, சுமை தூக்கி, நாலு மைல் நடப்பவர் கேட்டால் நியாயம்தான். ஆனால் நம்மில் பலர் பீடி சுற்றுகிறோம், பூ கட்டுகிறோம். கை ஓய்ந்துபோகிறது, கால் சதைக்கு வேலையே இல்லை. மருமகள் வந்ததும் திண்ணையோடு உட்கார்ந்து விடுகிறவர்களும் உண்டு.

வயலுக்குக் கடைசியில் தண்ணீர் சேர்ப்பது பெரிய வாய்க்கால் இல்லை, சின்னக் கிளை வாய்க்கால்தான். உடம்பிலும் அப்படியே. தலைமுடியைவிட மெல்லிய நுண் ரத்தக்குழாய்கள்தான் சதைக்குப் பிராணவாயுவும் சத்தும் தருகின்றன. உழைக்கும்போது இவற்றில் ரத்த ஓட்டம் எப்படிக் கூடுகிறது என்று ஆராய்ந்த டென்மார்க் விஞ்ஞானி ஆகஸ்ட் குரோக்குக்கு 1920-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வயசு ஏறும்போது சதையில் இந்தக் குழாய்கள் குறைகின்றன. அசையாமல் இருந்தால் இன்னும் குறையும். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் அசந்துபோகும். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிட வேண்டாம். மூச்சு லேசாக வாங்கும்படி வேகமாக நடந்தால் சதைக்குப் பிராணவாயு பற்றாமல் போகும். உடனே சதை ஒரு வேதிப்பொருளை விடும். 'இந்தப் பக்கம் குழாய் வேணும்' என்று நாம் பஞ்சாயத்தில் மனு கொடுக்கிற மாதிரிதான்! பழைய குழாயிலிருந்து புதுக் கிளை முளைக்கும். சில வாரம் விடாமல் செய்தால் அறுபது, எழுபது வயசிலும் இது நடக்கும். நிறுத்தினால் திரும்பக் குறையும்.

எலும்பும் காய்ந்த கட்டை இல்லை, அதற்குள்ளும் ரத்தம் ஓடுகிறது. எலும்பு வளர ஒரு வகை நுண்குழாய் துணைசெய்கிறது, வயசானால் அது குறைகிறது என்று ஜெர்மனி விஞ்ஞானிகள் 2014-ல் எலிகளிடம் கண்டார்கள். நமக்கோ மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து எலும்பு வேகமாகத் தேய்கிறது. கால் ஊன்றி, உடம்பின் பாரம் எலும்பில் இறங்கினால்தான் அதற்குப் பலம். நடப்பதும் படி ஏறுவதும் அதற்குத்தான்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, ஐந்து நாள் போதும். கூடவே வாரம் இரண்டு நாளாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், பிரஷர், சுகர் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முன்பே எலும்பு முறிந்தவர்கள் குனிந்து பளு தூக்க வேண்டாம்.