ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி வராது. 29இல்தான் முதன்முதலாக இடிக்கும். மொத்தம் 10,080 காரணிகள். நிமிடத்துக்கு ஒன்றாக இரவு பகல் பாராமல் சொல்லி வந்தால் சரியாக ஒரு வாரம் பிடிக்கும்! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

இப்படி, தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துகிற எண்களைப் பற்றி 1915இல் கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை, எனவே 12க்கு அவர் பட்டியலில் இடமுண்டு. பிறகு 24, 36, 48, 60, 120 என்று போகும். அவர் தந்த 102 எண்களில் கடைசி எண்தான் நாம் பார்ப்பது.

அதை உடைத்துப் பார்த்தால் சூட்சுமம் தெரியும்: 64 × 81 × 25 × 49 × 11 × 13 × 17 × 19 × 23. அதாவது 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, மற்றவை ஒரே முறை. ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ அறவே விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள், 5க்கும் 7க்கும் மும்மூன்று, மிச்சமுள்ள ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 10,080.

23 எதற்கு, மலிவான 2ஐயே இன்னும் சேர்க்கக் கூடாதா? 23ஐ எடுத்துவிட்டால் காரணிகள் 5,040. அங்கே மேலும் ஐந்து 2களைச் சேர்த்தால் எண் 32 மடங்காகும். காரணிகளோ 8,640 மட்டுமே. 23ஆல் பெருக்கினால் எண் 23 மடங்குதான் ஆகிறது, காரணிகள் இரட்டிக்கின்றன. இத்தகைய எண்களில் சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கைவிடக் குறையக் கூடாது. கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். இந்தக் கடைசி விதிக்கு 4உம் 36உம் மட்டுமே விலக்கு என்று ராமானுஜன் நிறுவினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 23ஐ நீக்கிய எண்ணும், 2,93,31,86,25,600, பட்டியலில் இருந்திருக்க வேண்டியதே. அவர் கண்ணிலிருந்து தப்பியது அது ஒன்றுதான். நிறுவல்களுக்கு இதனால் பங்கமில்லை.

கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்தின் பணமுடையால் அதன் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. பகா எண்களின் பரவலைப் பற்றிய, நிறுவப்படாத ரீமன் கருதுகோள் மெய்யென்று வைத்துக்கொண்டு, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்று அதில் ஆராய்ந்திருந்தார். பிரெஞ்சுக் கணிதர்களான நிக்கோலாவும் ரோபினும் 1997இல் அதைப் பதிப்பித்தார்கள். இதே ரோபின் 1984இல், 5,040க்கு மேற்பட்ட எண்களின் காரணிக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொடாது என்பதும் ரீமன் கருதுகோளும் ஒன்றே என நிரூபித்திருந்தார்.