டிரைவர் பட்டியலுக்கு ஏன் பூட்டு?

கருத்துணர்தலுக்குக் கணினிப் பனுவல் தேடும் ஆசிரியர்களுக்கும், மாறி, மாறிலி பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கும் இந்தச் சிறு விளக்கம். 'மாறிலி என்றால் மதிப்பு மாறாதது' என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். அது எதற்கு என்று கேட்டால்தான் பேச்சு வராது.

பிரிண்டர், வைஃபை போன்ற வன்பொருளோடு இயங்குதளம் பேசுவதற்கு உதவும் நிரல்தான் டிரைவர். தமிழில் இயக்கி என்கிறோம். லினக்ஸில் பல டிரைவர்கள் ஒரு பட்டியலைக் கொடுக்கும். திறக்க இந்த முகவரிக்குப் போ, வாசிக்க இங்கே, எழுத இங்கே. அதில் இருப்பவை நிரல் துண்டுகளின் நினைவக முகவரிகள்.

எங்கள் மூவார் பக்கம் பள்ளி அலுவலகச் சுவரில் தீயணைப்பு, மருத்துவமனை எண்கள் ஒட்டியிருக்குமே, அது மாதிரி. யாராவது தீயணைப்பு எண்ணை அழித்துத் தன் எண்ணை எழுதிவிட்டால்? பட்டியல் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். அழைப்பு மட்டும் வேறு ஆளுக்குப் போகும். கணினியில் இது இன்னும் மோசம். டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல் எனும் மையப்பகுதிக்குள்ளேயே ஓடுகின்றன. ஊடுருவுபவன் ஒரு முகவரியை மாற்றினால், அவனுடைய நிரல் முழு அதிகாரத்தோடு ஓடக்கூடும்.

பெரும்பாலான பட்டியல்களுக்கு எழுதிய பிறகு மாற வேண்டிய தேவையே இல்லை. அதனால் சி மொழியில் முன்னால் 'கான்ஸ்ட்' என்று போட்டுவிடுகிறார்கள். நிரலர் கவனக்குறைவாக அதை மாற்றப் பார்த்தால் கம்பைலரே பிழை காட்டும். பட்டியலும் 'வாசிக்க மட்டும்' என்ற நினைவகப் பகுதிக்குப் போய்விடும். அந்தப் பக்கங்களில் யாராவது எழுத முயன்றால் செயலியே தடுக்கும். சில விவரங்கள் கணினி தொடங்கும்போதுதான் தெரியும். அவற்றை என்ன செய்வது? 2016-இல் வந்த லினக்ஸ் 4.6 ஒரு வழி தந்தது: தொடங்கும்போது எழுதிக்கொள், முடிந்ததும் பூட்டிவிடு. ஆண்டுத் தொடக்கத்தில் அட்டவணை போட்டுக் கண்ணாடிக்குள் வைக்கிறோமே, அதேதான்.

ஓர் எச்சரிக்கை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் ஊரில் ஏர்ஏசியா பயணிகள் கே.எல்.ஐ.ஏ.-வில் நீண்ட வரிசையில் நின்றார்கள். டிரைவர் தடுமாறினால் கணினியே விழும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் 'வாசிக்க மட்டும்' பூட்டு இல்லாததால் வந்த கோளாறு என்று எழுதினால் தப்பு. அங்கே யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை. 20 உள்ளீடுகள் மட்டுமே இருந்த இடத்தில் டிரைவர் 21-ஆவதைத் தேடி, எல்லை தாண்டி வாசித்தது.