மலேசியத் தமிழ்க் கவிதையும் தேசிய உணர்வும்: ‘நாம்’ எனும் சொல்லை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நாட்டைப் போற்றும் சொற்கள் மிகுந்திருந்தால் கவிதை நாட்டுப்பற்றை ஊட்டிவிடும் எனும் கருத்து நம்மிடையே உண்டு. ஆயினும், தேசிய தின விழாவுக்கென மனனம் செய்யப்படும் கவிதைகள் பல, விழா முடிந்ததும் மறக்கப்படுவதைத் தமிழாசிரியர்கள் அறிவர். கவிதை தன்னுள் வாசகருக்கு அளிக்கும் இடமே தேசிய உணர்வுக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

நாமும் நாங்களும்

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். ‘நாம்’ கேட்போரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ அவரை விலக்கி நிற்கும். மலாய்மொழியின் ‘கித்தா’, ‘காமி’ ஆகியவையும் இத்தகையனவே.

பாரதியின் பாடல்களில் இவ்விரு நிலைகளையும் காணலாம். ‘எங்கள் நாடு’ எனும் தலைப்பு பிறர்முன் பெருமையும் உரிமையும் கூறும் குரலாகும். ‘சுதந்திரப் பள்ளு’ பாடுவோரையும் கேட்போரையும் ‘நாம்’ என ஒன்றிணைக்கின்றது. உழவுத் தொழிலாளருக்குரிய பள்ளு வடிவில் அமைந்த அப்பாடலில், நிலமற்ற உழைப்பாளரே நாட்டைத் தமதெனக் கொண்டாடுகின்றனர். 1921-இல் மறைந்த கவிஞர், 1947-இல் கிட்டிய விடுதலையைக் கைவரப்பெற்றதாகவே பாடினார். அதனைப் பாடுபவர் அக்கணமே விடுதலை பெற்ற மக்களுள் ஒருவராகின்றார். முன்பின் அறியாதோர் ஒருசேரப் பாடுகையில் தேசம் உணரப்படுகின்றது என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983-இல் வெளியிட்ட நூலில் கூறுவதும் இதனோடு ஒத்துச் செல்கின்றது.

மலாயாச் சூழல்

இம்மண்ணில் ‘நாம்’ எளிதில் உருவாகவில்லை. 1887-இல் சதாசிவ பண்டிதர் இயற்றிய ‘சிங்கைநகர் அந்தாதி’யில் ஊர், இறைவன் உறையும் தலமாகப் போற்றப்படுகின்றது. தோட்டப்புறப் பாடல்களில் கடல் கடந்து வந்த துயரமும் பால்மரக்காட்டு உழைப்பும் மேலோங்குகின்றன. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு, வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் எனவும் கோரினர். அது முதலாளியை எதிர்நோக்கிய ‘நாங்கள்’. எனினும், தன்மானம் கோரிய அக்குரலில் இம்மண்ணின்மீதான உரிமையுணர்வும் அரும்பியது எனலாம்.

1957-இல் விடுதலை பெற்ற பின்னர், இந்நாட்டைத் தாயகமாகப் பாடும் கவிதைகள் பெருகின. முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வெளிவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ நூறாண்டுக் கவிதை வளத்தை ஒருசேரக் காண வழிவகுத்தது. ஆயினும், 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத தொழிலாளர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. இப்பின்னணியில் நோக்கின், ‘நமது நாடு’ என்று தமிழ்க் கவிஞர் எழுதியது வெறும் புகழ்ச்சியன்று. ஏற்கப்படுமா என்ற ஐயத்திற்கிடையே எழுப்பிய உரிமைக்குரலுமாகும்.

கற்பித்தலில்

நாட்டுப்பற்றுக் கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம். இக்கவிதையின் ‘நாம்’ யார்? அதில் யார் இடம்பெறவில்லை? பாடுபவரின் உழைப்பும் நினைவும் அதில் உள்ளனவா? தமிழும் மலாயும் பயிலும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை இருமொழியிலும் உணரக்கூடியவர். ‘நெகாராகு’ எனும் நாட்டுப்பண்ணின் பெயரே ‘என் நாடு’ எனப் பொருள்படுவதையும் இங்குச் சுட்டிக்காட்டலாம்.

முடிவுரை

துயரை மறைத்துப் புகழ்வது மட்டும் தேசிய உணர்வை வளர்ப்பதில்லை. தோட்டத்து உழைப்பையும் உள்ளடக்கிய ‘நாம்’ ஒன்றைக் கவிதை படைக்கும்போதே, மாணவர் அதனைத் தமது குரலாகக் கொள்வர்.