கணனிக்கும் குளிர்ச்சி வேண்டும்

2022ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி, லண்டன் மாநகரில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. அன்று அந்நகரின் கைஸ், சென். தோமஸ் வைத்தியசாலைகளுக்குரிய தரவு நிலையங்கள் இரண்டும் செயலிழந்தன. குளிரூட்டும் சாதனங்கள் கடும் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க இயலாது போனமையே காரணமாகும். நோயாளரின் விபரங்களைத் திரையிற் காணமுடியாத வைத்தியர்களும் தாதியரும் காகிதத்தையும் பேனாவையும் நாட நேர்ந்தது. பழைய நிலை திரும்ப வாரக்கணக்காயிற்று.

கணனிக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. ஆயிரக்கணக்கான கணனிகள் இரவு பகலாக இயங்கும் தரவு நிலையத்தில் இவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின் அவை பழுதடையும். ஆதலால், பெரிய நிலையங்கள் பலவற்றில், குளிர்ந்த நீர் குழாய்கள் வழியே சென்று வெப்பத்தை ஏந்தி வருகின்றது. குளிராக்கும் பொறிகளும் வெளியேயுள்ள குளிர்கோபுரங்களும் அதனை வானவெளியிற் சேர்க்கின்றன.

இதற்கும் மின்சாரம் வேண்டும். குளிர் குறைந்தால் ஆபத்து, மிகுந்தால் வீண்செலவு. கோபுரத்து விசிறிகளை வேகமாகச் சுழற்றினால் குளிராக்கும் பொறியின் வேலை குறையும். ஆனால் விசிறிகளின் மின்செலவு ஏறும். எந்த அளவிற் சிக்கனம் உண்டாகும் என்பது வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணனிகளின் வேலைப்பளுவையும் பொறுத்து மாறிக்கொண்டேயிருக்கும். சோறு பொங்கி வருகையில் விறகை இழுத்தும் தள்ளியும் தீயைப் பதமாக்கும் நம் தாய்மாரின் கைப்பக்குவம் இங்கு தேவைப்படுகின்றது. எனினும், ஒருவர் கவனிக்கவேண்டியவை இங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன.

அப்பக்குவத்தை இயந்திரத்துக்கே பழக்கலாம் எனக் கண்டவர்களுள் கூகிள் நிறுவனத்துப் பொறியியலாளர் ஜிம் காவோ ஒருவர். நிலையத்தில் ஏலவே பதிவான அளவீடுகளைக் கணனிக்குப் புகட்டி, மின்செலவை முன்கூட்டியே மதிப்பிடும் முறையை அவர் 2014இல் வெளியிட்டார். 2016இல் டீப்மைண்ட் ஆய்வாளரின் துணையுடன் நடாத்திய பரிசோதனையிற் குளிரூட்டலுக்கான மின்சாரம் 40 வீதம் வரை குறைந்தது. அப்போது இயந்திரம் ஆலோசனை மட்டுமே கூறியது, நிறைவேற்றியவர்கள் ஊழியர்களே.

2018இல் கட்டுப்பாடும் இயந்திரத்திடமே ஒப்படைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை அது ஆயிரக்கணக்கான உணரிகளின் அளவீடுகளை ஆராய்ந்து, அடுத்துச் செய்யவேண்டியதைத் தீர்மானித்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 12 வீதமாயிருந்த சேமிப்பு, அனுபவம் முதிர ஒன்பது மாதங்களில் 30 வீதமளவுக்கு உயர்ந்தது.

இத்தகைய பொறுப்பை இயந்திரத்திடம் விடலாமா என வாசகர் வினவக்கூடும். அதற்கும் வேலி இடப்பட்டிருந்தது. தனக்கே நிச்சயமற்ற முடிவுகளை இயந்திரம் தள்ளிவிடும். எஞ்சியவையும் ஊழியர் வகுத்த பாதுகாப்பு எல்லைக்குள் அடங்குகின்றனவா எனச் சோதிக்கப்படும். வேண்டியபோது ஊழியர் அதனை விலக்கிப் பழைய முறைக்குத் திரும்பலாம்.

தரவு நிலையத்து வெப்பமானியை நோயாளி ஒருபோதும் காண்பதில்லை. ஆயினும் அதனைக் கண்காணிக்கும் விழிப்பிலே அவருடைய நலனும் தங்கியுள்ளது என்பதை லண்டனின் அந்த வெப்பநாள் நமக்கு உணர்த்திற்று. எத்துணை நுண்ணறிவு வாய்த்த இயந்திரமாயினும் அதற்கு எல்லை வகுப்பதும், தவறும் வேளையில் உடன் கைகொடுப்பதும் மனிதரின் கடமையேயாகும்.